பின் அச்சு

விலைச்சீட்டைச் சோளமாவு மூட்டைமேல் விரித்து வைத்திருக்கிறார் சியபாத்தா.
கிரீஸ் விரல் இரண்டு வரிகளை மட்டும் தொடுகிறது.
மூன்றாவது வரி, காற்றழுத்தத்தில் பூட்டும் லாக்கர்,
பொத்தானும் கம்ப்ரஸரும் நீலக் குழாயுமாக.
நான் படிக்கும் முன்பே அதை அடித்துவிட்டார்.
அந்த விலைக்கு நாற்பது அங்கோரா ஆடு வரும்.

மிச்சம் இரண்டு.
மிதித்தால் தானே பூட்டிக்கொள்ளும் லாக்கர்,
அல்லது லிமிடெட் ஸ்லிப்.

வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓடவும்
உட்சக்கரம் குறைய ஓடவும்
விட்டுக்கொடுப்பதற்குத்தான் டிஃபரென்ஷியல்.
தார்ச்சாலையில் அந்தப் பெருந்தன்மை சரி.
ஓடைப் பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்
சுழற்சியெல்லாம் அதற்கே.
காற்றை உழுகிறவனுக்கு முழு ஓட்டம்,
மண்ணில் நிற்கிறவன் நின்றபடியே நிற்பான்.

மார்ச்சில் அப்படி நின்றேன்,
பதினெட்டுப் பொதி மொஹேரோடு.
ஆடு மேய்க்கும் பையன்கள் இருவர்
ரப்பர் பூட்ஸ் தண்ணீரில் இருக்கக் குந்தி
என் இடது பின்சக்கரத்தை
டிவி பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
நன்றாகத்தான் ஓடியது நிகழ்ச்சி,
டீசல் தீர்கிற வரை.

"லாக்கர்தான்" என்கிறான் ட்லாலி.
என் கணவரின் தம்பி. வண்டியில் பாதி அவனுடையது.
ரிப்பேர் வரும்போது எந்தப் பாதி என்று
இதுவரை சொன்னதில்லை.
"ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும் அண்ணி, பாறையே பயப்படும்."

பாறை பயப்படட்டும்.
பனிக்கட்டி பயப்படாது.

ரமொஹாபியும் இப்படித்தான் பேசினான்,
காசு மிச்சம் பிடிக்க
டிஃபரென்ஷியலுக்குள்ளேயே வெல்டு வைத்தவன்.
ஜூலையில், வெயில் எட்டாத அந்தச் சரிவுப் பாதையில்,
அவனுக்குப் பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன்.
ஒரு சக்கரம் சும்மா உருண்டிருந்தால்
அதுவாவது பக்கவாட்டில் பிடித்திருக்கும்.
இரண்டும் ஒரே நொடியில் பிடியை விட்டன.
வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி
நடக்க ஆரம்பித்தது,
கடைக்குப் போகிறவளைப்போல, அவசரமில்லாமல்.
அவன் குதித்தான். போர்வை கதவில் மாட்டிக் கிழிந்தது.
அந்தக் கதவு இன்று யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டிக்குக் கதவு.

சியபாத்தாவிடம் கேட்கிறேன்: அப்படியானால் இது வழுக்காதா?
"இதுவும் வழுக்கும்" என்கிறார்,
பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதனால்தான் பணக்காரர் ஆகவில்லை.
"கொஞ்சம் சொல்லிவிட்டு வழுக்கும்.
தகடு தேயும். அதுக்கென்று தனி ஆயில் கேட்கும்.
சக்கரம் அந்தரத்தில் போனால் பிரேக்கை லேசாக அழுத்து.
பாரம் இருக்கிறது என்று அதை நம்ப வை."

அறுபத்தோரு கிலோமீட்டர். விரல் விட்டு எண்ணுகிறேன்.
சக்கரம் தூக்கும் பாறை இரண்டு இடத்தில்.
பனி உறையும் சரிவு பதினொன்று,
மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும்.
பாறையில் மாட்டினால் மாலை வீணாகும்.
சரிவில் மாட்டினால்,
சரி, அதைச் சொல்ல வேண்டாம்.

லிமிடெட் ஸ்லிப்.
ட்லாலி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
நல்ல இரண்டு நாள்.

முதல் பயணம். அதே ஓடை, அதே பாறை,
அதே பையன்கள், ஒருவனுக்கு மட்டும் புது பூட்ஸ்.
இடது பின்சக்கரம் எழுந்தது.
இடது கால் பிரேக்கில், முட்டையை மிதிப்பதுபோல்.
அடியில் தகடுகள் முனகின.
வலது சக்கரம் யோசித்தது.
ஒரு சாண் ஏறியது. இன்னொரு சாண்.
நின்றது.

இறங்கி மூட்டைகளை இறக்கினேன், ஆறு.
பையன்கள் ஆளுக்கொன்று மேட்டுக்குச் சுமந்தார்கள்,
கூலி ஒரு பாக்கெட் பிஸ்கட், பேரம் பேசி இரண்டு.
ஏழாவதைத் தொடுவதற்குமுன்
இன்னொரு தடவை மிதித்துப் பார்ப்போமே என்று மிதித்தேன்.
ஏறிவிட்டது.

ஏறியதை ட்லாலியிடம் சொன்னேன்.
ஆறு மூட்டையைச் சொல்லவில்லை.
ஜூலைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.